முதலில் மேட்டைப் பாருங்கள், பலகையை அப்புறம் வாங்கலாம்

செந்தூலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பையனுக்குப் பத்து வயது, எடை முப்பது கிலோ. காணொளியில் பார்த்த நாளிலிருந்து, புல்மேட்டில் நின்றபடி உருண்டு இறங்கும் சக்கரப் பலகையான மவுண்டன் போர்டு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். தீபாவளிக்கு வாங்கித் தருவதாக இவரும் சொல்லிவிட்டார். இணையத்தில் தேடினால் ஒன்று மலிவு, ஒன்று யானை விலை, சிலவற்றில் மோட்டார் வேறு. இருபத்தெட்டு வயதுத் தம்பிக்கும் ஓட்டிப் பார்க்க ஆசையாம். மாமனுக்கும் மருமகனுக்கும் சேர்த்து ஒன்றே போதுமா, எது வாங்கலாம், கோலாலம்பூரில் இதை எங்கே ஓட்டுவது, பிள்ளைக்கு ஆபத்தில்லையா என்பவை அவருடைய கேள்விகள்.

அண்ணா என்று அழைத்துக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். நான் ஒன்பது வருடமாக இதை ஓட்டுகிறேன். என் மகளும் என் அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் என்னிடம்தான் கற்றார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் எந்தப் பலகை என்றுதான் தொடங்குவார்கள். நான் எப்போதும் எந்த மேடு என்று திருப்பிக் கேட்பேன். இந்த ஊரில் பலகை கிடைப்பது கஷ்டமில்லை, காசு கொடுத்தால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பத்து வயதுப் பிள்ளை விழுந்தாலும் எழுந்து சிரிக்கக்கூடிய ஒரு நல்ல சரிவு கிடைப்பதுதான் கஷ்டம். அது கிடைக்காமல் பலகை வாங்கினால் அது கொண்டோ பால்கனியில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே கிடக்கும்.

பொருள் என்னவென்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டலாம். ஸ்கேட்போர்டைவிட நீளமான ஒரு பலகை, சுமார் 90 முதல் 100 சென்டிமீட்டர். அடியில் இரண்டு அச்சுகள், அவற்றை டிரக் என்பார்கள். நான்கு காற்றடித்த டயர்கள். காலை நுழைத்துக்கொள்ள மேலே இரண்டு பட்டைகள். பனிச்சறுக்குப் பலகையில் ஓடியவர்கள் பனி இல்லாத மாதங்களிலும் மலையிலிருந்து இறங்க ஒரு வழி தேடினார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தனித்தனியாக இது உருவானது. அமெரிக்காவின் கொலராடோவில் ஜேசன் லீயும் பேட்ரிக் மெக்கானலும் 1993-இல் தொடங்கிய எம்பிஎஸ் நிறுவனம் இன்றும் பலகை செய்கிறது. தள்ளுவதற்கு இதில் ஒன்றுமில்லை, சரிவுதான் எஞ்சின். திருப்புவதும் உடம்பைச் சாய்த்துத்தான்.

தோட்டத்தில் வளர்ந்த நம் அப்பா அம்மாவுக்கு இது புதிதாகத் தெரியாது. பாக்கு மட்டையில் ஒருவன் உட்கார, இன்னொருவன் இழுத்துக்கொண்டு ஓட, லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் சறுக்கி விளையாடியவர்கள்தானே அவர்கள். என் மகள் முதன்முதலில் இறங்கியதைப் பார்த்துவிட்டு என் அம்மா, "இது மட்டை வண்டிதான், நின்னுக்கிட்டு ஓட்டுறா" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

சரி, மேட்டுக்கு வருகிறேன். தொடக்கக்காரருக்கு வேண்டியது உயரமான மேடு இல்லை. உங்கள் அடுக்குமாடியில் கார் ஏறிப்போகும் சாய்தளத்தைவிடச் சாய்வு குறைவாக, இருபது முப்பது மீட்டர் நீளத்தில் ஒரு புல்சரிவு இருந்தால் முதல் மூன்று மாதத்துக்குப் போதும். உயிரான விஷயம் அந்தச் சரிவு எங்கே முடிகிறது என்பதுதான். அடியில் சமதரை நீண்டு கிடக்க வேண்டும். அந்தச் சமதரை லேசாக எதிர்ப்பக்கம் ஏறினால் இன்னும் நல்லது, பலகை தானே வேகம் இழந்து நின்றுவிடும். பிரேக் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதுதான் பிரேக்.

நம் ஊர்ப் பூங்காக்களில் சிக்கலே இங்கேதான் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தித்திவங்சா ஏரிப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பழைய ஈயக் குட்டை. கோலாலம்பூரின் பல பூங்காக்கள் இப்படி ஒரு குட்டையையோ நீர்த்தேக்கத்தையோ சுற்றி அமைந்தவை. புல்சரிவு கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் அது இறங்குவது தண்ணீரை நோக்கி. நடுவில் ஓட்டக்காரர்களும் சைக்கிள்காரர்களும் போகும் பாதை ஒன்று குறுக்கே கிடக்கும். அப்படிப்பட்ட சரிவு எவ்வளவு மென்மையாக இருந்தாலும் வேண்டாம். இன்னொன்று லொங்காங். வீடமைப்புப் பகுதிகளில் சரிவின் அடியில் மழைநீர் வடிய சிமென்டுக் கால்வாய் இருக்கும், புல் வளர்ந்து மூடியிருந்தால் மேலிருந்து தெரியவே தெரியாது.

இதை நான் என் கையால் கற்றேன். பலகை வாங்கிய இரண்டாவது வாரம், வீட்டுக்குப் பக்கத்துத் தாமானில் ஒரு புல்மேட்டில் இறங்கினேன். மேலிருந்து பார்த்தபோது அடிவாரம் வெறும் பச்சையாகத்தான் தெரிந்தது. முன் சக்கரம் இரண்டும் ஓர் அடி அகலக் கால்வாயில் இறங்கின, நான் மட்டும் தொடர்ந்து போனேன். இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. மணிக்கட்டுக் காப்பு வீட்டில் இருந்தது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போடாமல் போயிருந்தேன். அன்றிலிருந்து எந்தப் புது மேட்டிலும் முதலில் அடிவாரத்தைக் காலால் நடந்து பார்க்காமல் நான் ஏறுவதில்லை.

நீங்கள் செய்ய எளிதான சோதனை ஒன்று சொல்கிறேன். ஒரு கால்பந்தை எடுத்துக்கொண்டு போங்கள். பையன் தொடங்கப் போகும் இடத்திலிருந்து உருட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சரிவு நேராக இறங்குவது போல் தோன்றும், பந்து மட்டும் ஒரு மரத்தை நோக்கி வளைந்து போகும். பலகையும் அப்படித்தான் போகும். பந்து நின்ற இடத்துக்கு அப்பால் இன்னும் அதே அளவு தூரம் காலியாக இருக்க வேண்டும். மரம், பெஞ்சு, விளக்குக் கம்பம், தண்ணீர், பாதை எதுவும் கூடாது.

நான் பார்த்தவரை நல்ல தொடக்க மேடுகள் பெரும்பாலும் திடலோரங்களில்தான் இருக்கின்றன. நம் ஊரில் பள்ளித் திடல்களை மேட்டை வெட்டிச் சமப்படுத்தி அமைத்திருப்பார்கள், ஒரு பக்கம் புல்கரை இருக்கும், அதன் அடியில் திடல் முழுக்கச் சமதரை. கரை செங்குத்தாக இருந்தால் அதன் உச்சியிலிருந்து தொடங்கத் தேவையில்லை, கடைசி மூன்று நான்கு மீட்டரில் தொடங்கினாலே போதும். கரைக்கும் திடலுக்கும் நடுவே கால்வாய் இல்லை என்பதை மட்டும் நடந்து உறுதி செய்யுங்கள். பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் வாய்விட்டு அனுமதி கேட்டுவிடுங்கள். மாநகராட்சிப் பூங்கா என்றால் அங்கிருக்கும் பாதுகாவலரிடம் கேளுங்கள். பலகையைக் காட்டிப் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் ஒரு மூலையைக் காட்டுவார்கள், வேண்டாம் என்றால் வேறு இடம் பார்க்கலாம். கெப்போங் மெட்ரோபாலிட்டன் பூங்காவில் பட்டம் விடும் பரந்த புல்வெளி இருக்கிறது. சமதரையில் நின்று பழக, மெல்லிய சாய்வில் உருண்டு பார்க்க அது நல்லது. காலையில் போங்கள், மாலையில் பட்டக் கூட்டம் வந்துவிடும், நூல் கண்ணுக்குத் தெரியாது. புக்கிட் கியாராவின் காட்டுப்பாதைகளைப் பற்றித் தம்பி கேள்விப்பட்டிருப்பார். வேர்களும் திருப்பங்களும் நிறைந்த அந்தப் பாதைகளில் மலைச்சைக்கிள்காரர்கள் ஓட்டுகிறார்கள், மக்கள் நடக்கிறார்கள். தொடக்கக்காரருக்கு அது இடமே இல்லை.

புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் காணொளியில் வெட்டிய மெல்லிய புல்லில் பலகை பறப்பதைப் பார்த்திருப்பான். இங்கே பூங்காக்களில் நட்டிருப்பது பெரும்பாலும் ரும்புட் லெம்பு, அகல இலையுள்ள தடித்த புல். மழை நன்றாகப் பெய்து, இரண்டு வாரம் வெட்டாமல் விட்டால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், முப்பது கிலோப் பிள்ளை மென்சரிவில் நகரவே மாட்டான். பலகை சரியில்லை என்று நினைத்துச் செங்குத்தான மேட்டுக்குப் போய்விடாதீர்கள், இதில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். புல் வெட்டிய வாரத்தில் அதே மேட்டுக்கு மறுபடி வந்து பாருங்கள், அவனே மிரளும் வேகத்தில் போகும்.

மேடு கிடைத்துவிட்டதா? அடுத்து வாங்க வேண்டியது பலகை இல்லை, காப்புகள். ஹெல்மெட்டில் இஎன் 1078 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று உள்பக்கம் பாருங்கள். சைக்கிளுக்கும் ஸ்கேட்போர்டுக்கும் பொதுவான தரம் அது. பின்மண்டையை நன்றாக இறங்கி மூடும் வடிவம் எடுங்கள், ஏனென்றால் பலகை முன்னால் நழுவினால் பிள்ளை மல்லாந்துதான் விழும். மணிக்கட்டுக் காப்பு, முழங்கால், முழங்கை மூன்றும் ஒரே தொகுப்பாக டெக்கத்லான் போன்ற கடைகளில் கிடைக்கும். மூன்றில் மணிக்கட்டுக் காப்பைத்தான் நான் முதலில் வைப்பேன். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு, அதனால்தான் பலகை விளையாட்டுகளில் மணிக்கட்டு இவ்வளவு முறிகிறது. பிள்ளைகளுக்கு அங்கே எலும்பு வளரும் தட்டு இருக்கிறது, அதில் அடிபட்டால் பின்னால் கை வளர்ச்சியே பாதிக்கலாம். உள்ளங்கைப் பக்கம் வளையாத பிளாஸ்டிக் தகடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் துணிக் கையுறை உதவாது. இதையெல்லாம் கடைக்கு அவனையும் அழைத்துப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆபத்தில்லையா என்று கேட்டீர்கள். ஆபத்து இருக்கிறது. விழாமல் யாரும் இதைக் கற்றதில்லை. சரியான மேட்டில் காப்போடு விழுந்தால் சிராய்ப்பும் நீலம்பாரித்தலும் வரும். தவறான மேட்டில் விழுந்தால் எனக்கு வந்தது போல வரும், அல்லது அதைவிட மோசமாக வரும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது உங்கள் தேர்வு, பையனுடைய திறமை அதில் சின்னப் பங்குதான்.

இப்போது பலகை. மோட்டார் வைத்ததை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மின்சார மவுண்டன் போர்டு பெரியவர்களுக்கான வேறு வண்டி. எடை அதிகம், கையில் ரிமோட் வைத்து ஓட்ட வேண்டும், சமதரையிலும் வேகம் பிடிக்கும். சரிவில் உடம்பைச் சாய்த்துத் திருப்பக் கற்க வேண்டிய பிள்ளைக்கு அது எதையும் கற்றுத்தராது. சாலையில் ஓட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மின் ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைச் சாலையில் பயன்படுத்துவதை 2021-ஆம் ஆண்டு விதிகள் மலேசியாவில் தடை செய்திருக்கின்றன.

தீபாவளித் துணி எடுக்கும்போது நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடு" என்பார்கள். சட்டைக்கு அது சரி. பலகைக்கு அந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம். நீளமான பலகையில் சின்னப் பிள்ளை கால்களை அளவுக்கு மீறி அகட்டி நிற்க வேண்டியிருக்கும், முழங்காலை மடக்க முடியாது. பெரியவருக்கு ஏற்ற விறைப்பான டிரக் முப்பது கிலோ எடைக்கு அசையவே அசையாது. அவன் எவ்வளவு சாய்ந்தாலும் பலகை நேராகவே போகும். திரும்பாத பலகை நிற்காத பலகை, ஏனென்றால் இதில் நிற்பதே திரும்பித்தான். என் அண்ணன் மகன் முதலில் என் பலகையில்தான் ஏறினான். நான்கு நாள் முயன்றுவிட்டு எனக்கு இது வராது சித்தப்பா என்று இறங்கிவிட்டான். அவனுக்கு ஏற்ற சின்னப் பலகை வந்த அன்றைக்கே திருப்பினான். அந்த நான்கு நாள் அவனை அழவைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆகவே பையனுக்கு 90 சென்டிமீட்டர் அளவில், ஸ்கேட் வகை டிரக் உள்ள பலகை பாருங்கள். டிரக்கில் இரண்டு வகை உண்டு. ஸ்கேட் வகையில் நடுவில் ஒரு பெரிய போல்ட்டும் ரப்பர் புஷ்ஷும் இருக்கும். நட்டைத் தளர்த்தினால் மென்மையாகத் திரும்பும், இறுக்கினால் விறைக்கும். விலை குறைவு, எடையும் குறைவு. இன்னொரு வகை சேனல் டிரக். அதில் ஸ்பிரிங்கும் அதற்குள் அதிர்வு தணிக்கும் ரப்பர் துண்டும் இருக்கும், வேகத்தில் நடுங்காமல் நிற்கும், எடைக்கு ஏற்ப ரப்பரை மாற்றலாம். பெரியவர்கள் வேகமாக இறங்க அது நல்லது. எம்பிஎஸ் நிறுவனத்தின் கோல்ட் 90 ஸ்கேட் வகை, தொடக்கக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே செய்தது. அதே நிறுவனத்தின் காம்ப் 95 கொஞ்சம் நீளம், ஸ்பிரிங் வகை, தம்பிக்குப் பொருந்தும். பிரான்சின் கியோ நிறுவனமும் தொடக்கப் பலகைகள் செய்கிறது. பிரிட்டனின் டிராம்பா பலகைகள் அருமையானவை, ஆனால் முதல் பலகைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

இருவருக்கும் ஒன்றா என்ற கேள்விக்கு என் பதில் இது. பையனின் பலகையில் தம்பி கற்கலாம், தம்பியின் பலகையில் பையன் கற்க முடியாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பையனுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். ஸ்கேட் டிரக் என்பதால் மாமன் ஏறும்போது ஸ்பேனரால் நட்டை இறுக்கி, கால்பட்டையை அகட்டி, டயரில் காற்றும் கூட்டிக்கொள்ளலாம். விற்பவர் சொல்லும் எடை வரம்புக்குள் தம்பி இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். மருமகன் ஏறுவதற்கு முன் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைக்கும் பொறுப்பு மாமனுடையது. அதை மறந்த அன்றைக்குப் பிள்ளை திரும்ப முடியாமல் நேராகப் போவான்.

ஷோப்பியிலும் லசாடாவிலும் பெயர் தெரியாத பலகைகள் மலிவாக இருக்கும். எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். மூன்று விஷயம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டயர் உண்மையிலேயே காற்றடிப்பதா, இல்லை கெட்டி ரப்பரா? கெட்டி ரப்பர் என்றால் புல்லில் பிடிப்பும் இருக்காது, அதிர்ச்சியும் தாங்காது. காற்று டயர் என்றால் அளவு 200க்கு 50 மில்லிமீட்டரா? எட்டு அங்குலம் என்று சொல்வது அதுதான். அந்த அளவு டியூப் மின் ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடைகளிலும் கிடைக்கும் என்பதால் டியூப் வெடித்தால் வெளிநாட்டுப் பொட்டலத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்றாவது, கால்பட்டையைத் தனியாக வாங்கி மாற்ற முடியுமா? முதலில் தேய்ந்து அறுவது அதுதான். பெயருள்ள நிறுவனத்தின் தொடக்கப் பலகையே வெளிநாட்டிலிருந்து வந்தால் தபால் செலவோடு ஆயிரம் வெள்ளியை ஒட்டியோ தாண்டியோ போகும். வரியையும் கணக்கில் வையுங்கள். 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்கு உட்பட்ட இணைய இறக்குமதிக்கே 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதற்கு மேற்பட்ட பொருளுக்குச் சுங்கத்தில் தனிக் கணக்கு.

யாராவது பழையதை விற்றால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள், இரண்டு முறை ஓட்டிவிட்டு விட்டவர்கள் நிறைய. டிரக் பலகையோடு சேரும் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். மரப்பலகை என்றால் ஓரத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறதா பாருங்கள், நம் ஊர் ஈரத்தில் அது சாதாரணமாக நடக்கும். சக்கரத்தின் பிளாஸ்டிக் ஹப்பில் நட்டுகளைச் சுற்றியும் விரிசல் வரும். ஒவ்வொரு சக்கரத்தையும் சுழற்றி, காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள், கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. சக்கரத்துக்கு இரண்டு, மொத்தம் எட்டு பேரிங். மாற்றுவது பெரிய வேலையில்லை, விலையில் குறைத்துக் கேட்கலாம். பலகையில் விரிசல் என்றால் பேரமே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

பிரேக் வைத்தது வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கையில் பிடிக்கும் லீவரும் பின்சக்கரத்துக்குப் போகும் கேபிளும் கொண்ட பிரேக் சில பலகைகளில் வரும், சிலவற்றில் பிறகு வாங்கிப் பொருத்தலாம். நீண்ட மலைப்பாதையில் இறங்குபவருக்கு அது தேவை. பத்து வயதுப் பையனுக்கு முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. கேபிள் கையில் இருந்தால் இரண்டு கையையும் விரித்துச் சமநிலை பிடிக்கமாட்டான், எதற்கெடுத்தாலும் லீவரை அமுக்குவான், திருப்பி நிறுத்தக் கற்கவே மாட்டான். இதில் என்னோடு ஒத்துப்போகாத பயிற்சியாளர்கள் உண்டு. பிரேக் இருந்தால் பயம் குறையும் என்பார்கள். சரியான அடிவாரம் உள்ள மேட்டில் அந்தப் பயத்துக்கே இடமில்லை என்பேன் நான்.

பிரேக்குக்குக் கொடுக்கும் காசில் காலில் கட்டும் கயிறு வாங்கிவிடுங்கள். அதை லீஷ் என்பார்கள். பிள்ளை விழுந்த பிறகு ஆளில்லாப் பலகை ஐந்தாறு கிலோ எடையோடு கீழே பாயும், அடிவாரத்தில் யாரோ ஒரு தாத்தா நடந்துகொண்டிருப்பார். அதே காரணத்துக்காக, மேட்டில் எங்கே பலகையை வைத்தாலும் சக்கரம் மேலே பார்க்கக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்துங்கள்.

முதல் நாள் எப்படி? வீட்டிலேயே ஒரு சோதனை. சாக்ஸ் போட்டுக்கொண்டு வழுவழுப்பான தரையில் ஓடிவந்து வழுக்கச் சொல்லுங்கள். எந்தக் காலை முன்னால் வைக்கிறானோ அதுதான் பலகையிலும் முன்கால். இடது முன்னால் என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. எழுதும் கையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

காலை எட்டு, எட்டரைக்கு மேட்டில் இருங்கள். மாலையில் கோலாலம்பூர் வானத்தை நம்ப முடியாது, இடி இடிக்கும்போது திறந்த மேட்டில் ஒரு பிள்ளையும் நிற்கக்கூடாது. டயரில் காற்றைக் குறைத்தே தொடங்குங்கள், அவன் எடைக்கு 20 பிஎஸ்ஐ அளவில் போதும். காற்று குறைந்தால் வேகம் குறையும், புல்லில் பிடிப்பு கூடும். அதிகபட்ச அளவு டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும். பெட்ரோல் நிலையப் பம்பில் இந்தச் சின்ன டயர் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பி வெடிக்கும், அளவுகாட்டியுள்ள கைப்பம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால்பட்டையை இறுக்கக் கூடாது. இது முக்கியம். விழும்போது கால் தானே உருவிக்கொண்டு வர வேண்டும். உள்ளே நுழைத்தால் நிற்கும், இழுத்தால் வரும் என்ற அளவில் வையுங்கள். பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வையுங்கள், அப்போது உருளாது. மேட்டின் பக்கமாக உட்கார்ந்து கால்களை நுழைத்து எழுந்திருக்கட்டும். முதல் இறக்கம் அடிவாரத்திலிருந்து ஐந்து மீட்டர் மேலிருந்து மட்டும். மாமன் பக்கத்தில் நடந்து வரலாம், ஆனால் கையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பிள்ளை அந்தப் பக்கமே சாய்வான், பலகையும் அந்தப் பக்கமே திரும்பும். முழங்கால் மடங்கி, கண் போக வேண்டிய இடத்தைப் பார்த்து இருக்கட்டும். காலைப் பார்த்தால் விழுவான், இதை நீங்கள் அன்றைக்கு முப்பது தடவையாவது சொல்ல வேண்டியிருக்கும்.

பத்துத் தடவை நேராக இறங்கி, தானே நின்ற பிறகு திருப்பம். குதிகாலில் எடை போட்டால் ஒரு பக்கம், விரல்களில் எடை போட்டால் மறுபக்கம். ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் பலகையின் மூக்கு மேட்டை நோக்கி ஏறி நின்றுவிடும். நிறுத்த அதுதான் முதல் வழி. இரண்டு பக்கமும் அப்படி நிற்க வந்துவிட்டால் இன்னும் ஐந்து மீட்டர் மேலே போகலாம், அதற்கு முன் கூடாது. பின்காலை வீசிப் பலகையைக் குறுக்கே தள்ளி நிறுத்தும் வித்தையைக் காணொளியில் பார்த்திருப்பான், செய்ய ஆசைப்படுவான். தடித்த காய்ந்த புல்லில் டயர் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். பனி ஈரம் இருக்கும் காலைப் புல்லில், மெதுவான வேகத்தில், இரண்டு மாதம் கழித்துப் பழகட்டும்.

விழவும் பழக்க வேண்டும். பலகை இல்லாமல் புல்லில் விழுந்து உருளச் சொல்லுங்கள். கையை விரித்து ஊன்றாமல் விரல்களை மடக்கிக்கொண்டு, வேகம் கட்டுமீறினால் மேட்டின் பக்கமாக உட்கார்ந்துவிட வேண்டும். என் மகளுக்கு நான் இதை விளையாட்டாகத்தான் கற்றுக்கொடுத்தேன். "விழு" என்று கத்துவேன், அவள் எங்கிருந்தாலும் உடனே உருள வேண்டும். பேரங்காடியில் கூட ஒருமுறை உருண்டாள்.

ஒரு மணி நேரம் போதும். பிள்ளை களைத்த பிறகு வரும் கடைசி இறக்கத்தில்தான் அடிபடும். இன்னும் ஒரே ஒரு தடவை என்பான். அதற்கு முந்தினதே கடைசி என்று சொல்லி, பசியாற அழைத்துப் போய்விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தைத் துணியால் துடைத்து வையுங்கள், பேரிங் மீது குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும்.

தீபாவளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் அல்லவா, இந்த வாரம் ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் வாங்கி அவன் கையில் கொடுங்கள். சனிக்கிழமை காலை மூவரும் ஒரு கால்பந்தோடு இரண்டு மூன்று மேடு பார்த்துவிட்டு வாருங்கள். எது என்று குழப்பமாக இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், சொல்கிறேன். மேலே நின்று எடுக்க வேண்டாம், மேலிருந்து எல்லா மேடும் நன்றாகத்தான் தெரியும். அடிவாரத்தில் நின்று, பந்து நின்ற இடமும் அதற்கு அப்பால் இருப்பதும் தெரியும்படி எடுங்கள்.